அலகு: எண்ணிம உள்ளடக்கத்தின் வாழ்க்கை வட்டம்



2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாக் கரையோரத்தைச் சுனாமி தாக்கியபோது, உயிர்களோடும் வீடுகளோடும் பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் புகைப்படங்களும் அழிந்தன. "கணினியில் இருந்திருந்தால் தப்பியிருக்கும்" என நாம் எண்ணலாம். ஆனால் கணினியில் உள்ளதும் அழியக்கூடியதே. எனவே ஓர் உள்ளடக்கத்தை அது உருவாவது முதல் அகற்றப்படுவது வரை முறையாகப் பேணுதல் வேண்டும். இதுவே வாழ்க்கை வட்ட முகாமைத்துவம் எனப்படும்.

படிநிலைகள்

1. உருவாக்கல்: தட்டச்சு செய்தல், வருடல், படம்பிடித்தல் என்பன இதில் அடங்கும். தமிழ் ஆவணங்களை ஒருங்குறியில் தட்டச்சு செய்க. பாமினி எழுத்துருவில் அமைந்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும்.

2. ஒழுங்கமைத்தல்: கோப்பின் பெயரில் விடயமும் திகதியும் இருக்க வேண்டும். "புதியது 1" எனப் பெயரிட்டால் பின்னர் தேடிப்பிடிப்பது கடினம்.

3. பயன்படுத்தலும் பகிர்தலும்: யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதைத் தீர்மானித்துக் கடவுச்சொல்லால் பாதுகாக்க வேண்டும்.

4. காப்பெடுத்தல்: மொத்தம் 3 பிரதிகள், 2 வகை ஊடகங்களில், அவற்றுள் 1 வேறோர் இடத்தில் இருத்தல் நன்று.

5. சுவடிப்படுத்தல்: அன்றாடப் பயன்பாடு முடிந்தாலும் பெறுமதியுள்ளவற்றை நீண்டகாலம் பேணுதல். உ+ம்: 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடிப் பாதுகாத்து வருகின்றது.

6. அகற்றல்: தேவையற்றதை, குறிப்பாகப் பிறரின் தனிப்பட்ட விபரங்களை, முற்றாக அழித்தல். சாதாரணமாக அழித்த கோப்பு மீள்சுழற்சித் தொட்டியில் இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்க மேகக் கணிமைச் சேவை, கப்பம் கோரும் தீம்பொருளால் தாக்கப்பட்டது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. வலையமைப்புடன் இணைந்திருந்த காப்புப் பிரதியும் தாக்குதலுக்கு உள்ளானமையும், அக்காலப்பகுதிக்குரிய பிரதியொன்று இணைப்பிலிருந்து பிரித்து வைக்கப்படாமையுமே இதற்குக் காரணம். 4 ஆம் படிநிலையில் ஏற்பட்ட குறை ஏனைய படிநிலைகளின் உழைப்பையும் வீணாக்கியது என்பதைக் கவனியுங்கள்.

மாதிரி வினா

மாணவி ஒருத்தி தன் செயற்றிட்டத்தைக் கணினியிலும், அதில் எப்போதும் செருகியிருக்கும் பென் டிரைவிலும் வைத்துள்ளாள். இது போதிய பாதுகாப்பாகுமா? காரணம் தருக. (3 புள்ளிகள்)

விடை: போதாது (1). இரண்டும் இணைந்திருப்பதால் தீம்பொருள் இரண்டையும் தாக்கலாம் (1). ஒரே இடத்தில் இருப்பதால் வெள்ளம், தீ, களவு என்பவற்றால் இரண்டும் ஒருசேர இழக்கப்படலாம் (1).

குறிப்பு: "போதாது" என மட்டும் எழுதி நிறுத்துவோர் 2 புள்ளிகளை இழப்பர். விடையை எழுதிப் பழகுவதோடு, உங்கள் சொந்தக் கோப்புகளுக்கும் இன்றே வேறோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.