‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால் அடுத்து என்ன?
அன்றாட ஆங்கிலத்தை வாய்க்குப் பழக்கும் வழி

பன்னிரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள், பிளஸ் டூவில் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லிஃப்டில் மேனேஜர் “குட் மார்னிங், ஹவ் ஆர் யூ?” என்று கேட்டால், சிரித்துத் தலையாட்டிவிட்டு மாடி எண்ணைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் வருகிறார்கள். “கிராமர் வீக்” என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அது சரியான காரணம் இல்லை. “ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ” என்பதில் அவர்களுக்குத் தெரியாத இலக்கணம் எதுவும் கிடையாது. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகியதில்லை, அவ்வளவுதான். படித்ததெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் போனது, வாய்க்குப் போகவில்லை. ஆகவே புது இலக்கணப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஒரு நாளில் உண்மையிலேயே நடக்கக்கூடிய சின்னச் சின்ன உரையாடல்களை எடுத்துக்கொண்டு, கேள்வியும் பதிலுமாக, யோசிக்காமலே வரும் வரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கேட்டது நலம், சொல்ல வேண்டியது நலம்

நம் ஊரில் எதிரே வருகிறவர் “என்ன, சாப்பிட்டாச்சா?” என்பார். “ஆச்சு, நீங்க?” என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். எத்தனை இட்லி என்று யாரும் கணக்குச் சொல்வதில்லை. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: இப்படிப்பட்ட பேச்சு தகவலுக்காகப் பேசப்படுவதில்லை, மனிதர்களுக்கு இடையே உள்ள பிணைப்புக்காகப் பேசப்படுகிறது.

“ஹவ் ஆர் யூ?”வும் அந்த வகைதான். அதற்குப் பதில் மூன்று துண்டு: நலம், நன்றி, திருப்பிக் கேட்பது. “ஐ ஆம் குட், தேங்க்ஸ். ஹவ் அபௌட் யூ?” கடைசித் துண்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். திருப்பிக் கேட்காவிட்டால் பேச்சு அங்கேயே அறுந்துபோகும். கேட்டவருக்கும் ஒரு மாதிரி இருக்கும். பிரிட்டனில் கடைக்காரர் “யூ ஆல் ரைட்?” என்று கேட்டால் உங்கள் முகம் வாடியிருக்கிறது என்று பொருளில்லை. அதுவும் நலம் விசாரிப்புதான். “யெஸ், தேங்க்ஸ். யூ?” என்றால் போதும்.

வணக்கத்தோடு ஒட்டி வரும் சில விஷயங்களை ஒரேயடியாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மதியம் 12 மணி வரை குட் மார்னிங். அதற்குப் பிறகு மாலை 5 மணி வாக்கில் வரை குட் ஆஃப்டர்நூன். பிறகு எத்தனை மணிக்குச் சந்தித்தாலும் குட் ஈவ்னிங்தான். இரவு 9 மணிக்கு ஒருவரைப் பார்த்ததும் “குட் நைட்” என்று ஆரம்பிக்கக் கூடாது. அது விடைபெறும்போது சொல்வது. முதல்முறை அறிமுகமாகும்போது “நைஸ் டு மீட் யூ”. ஏற்கெனவே தெரிந்தவரை மறுபடி பார்க்கும்போது “நைஸ் டு சீ யூ”. “வாட் டூ யூ டூ?” என்றால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம், இந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெயர் சொல்லும்போது “மைசெல்ஃப்” என்று தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். “ஐ ஆம்” அல்லது “மை நேம் இஸ்” போதும்.

அரை நிமிட உரையாடல்

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நடக்கும் பேச்சு ஒன்றை முழுசாகப் பார்ப்போம்.

“குட் மார்னிங்! ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?”
“இட் வாஸ் நைஸ், தேங்க்ஸ். ஐ வென்ட் டு மை நேட்டிவ் பிளேஸ். ஹவ் வாஸ் யுவர்ஸ்?”
“குட். ஐ ஜஸ்ட் ஸ்டேய்டு அட் ஹோம்.”
“தட்ஸ் நைஸ். ஓகே, ஐ ஹேவ் எ மீட்டிங் நௌ. ஸீ யூ அட் லஞ்ச்.”
“ஸீ யூ!”

இதில் நான்கு வேலை நடக்கிறது: பதில், ஒரே ஒரு கூடுதல் செய்தி, திருப்பிக் கேட்பது, நாகரிகமாக முடிப்பது. அந்தக் கூடுதல் செய்திதான் பேச்சை நகர்த்துகிறது. வெறும் “நைஸ்” என்று நிறுத்தினால் எதிராளிக்கு மேலே கேட்க எதுவும் கிடைக்காது. ஊருக்குப் போனேன் என்று சொன்னால் எந்த ஊர், எப்படிப் போனீர்கள் என்று அடுத்த கேள்வி தானாக வரும். முடிக்கும் வாக்கியத்தையும் தயாராக வைத்திருங்கள். எப்படிக் கிளம்புவது என்று தெரியாத பயத்தினாலேயே பேச்சைத் தொடங்காமல் இருப்பவர்கள் பலர்.

வானிலை, பயணம், சாப்பாடு, விடுமுறை ஆகியவை யாரிடமும் பேசத்தக்கவை. சம்பளம், வயது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை போன்ற கேள்விகள் நம்மிடையே அக்கறையாக எடுத்துக்கொள்ளப்படலாம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமோ புதிதாக அறிமுகமானவரிடமோ அவற்றைத் தொடவே வேண்டாம்.

‘ங்க’ எங்கே போனது?

“தண்ணி கொடுங்க” என்று நாம் சொல்லும்போது மரியாதை முழுவதும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது. அதையே “கிவ் மீ வாட்டர்” என்று மாற்றினால் ‘ங்க’ உதிர்ந்துபோய், “தண்ணி கொடு” என்பது மட்டும் மிஞ்சுகிறது. பேசியவர் பணிவானவர், கேட்டவர் காதில் அதட்டலாக விழுகிறது. தமிழர்கள் ஆங்கிலத்தில் தேவையில்லாமல் கெட்ட பெயர் வாங்கும் இடம் இது.

ஆங்கிலத்தில் மரியாதை பெரும்பாலும் கேள்வி வடிவில் இருக்கும். “கேன் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?” என்று கேளுங்கள். “சென்ட் மீ தி ஃபைல்” வேண்டாம், “கேன் யூ சென்ட் மீ தி ஃபைல், ப்ளீஸ்?” வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சார்’ சேர்ப்பதைவிட இந்தக் கேள்வி வடிவம்தான் மரியாதையைக் காட்டும்.

தமிழிலிருந்து அப்படியே தூக்கிவைக்கும் வேறு சிலவற்றையும் கவனியுங்கள். போனை எடுத்து “சொல்லுங்க” என்பது நமக்கு இயல்பு. “டெல் மீ” என்றால் ஆங்கிலத்தில் வெடுக்கென்று இருக்கும். “ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?” என்று கேட்கலாம். “யார் பேசறீங்க?” என்பதற்கு “ஹூ ஆர் யூ?” வேண்டாம், “மே ஐ நோ ஹூஸ் காலிங்?” என்று கேளுங்கள். நம்மைச் சொல்லும்போது “திஸ் இஸ் மணி ஃப்ரம் அக்கவுண்ட்ஸ்” என்ற வடிவம் போனுக்கு உரியது. “போய்ட்டு வரேன்” என்பது “ஐ வில் கோ அண்ட் கம்” ஆக வேண்டியதில்லை. “ஸீ யூ டுமாரோ” போதும்.

இன்னொன்று குழப்பத்தில் கொண்டுபோய் விடக்கூடியது. “நீங்க சாப்பிடலையா?” என்றால் “ஆமா, சாப்பிடலை” என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ‘ஆமா’ கூடாது. “ஹேவண்ட் யூ ஈட்டன்?” என்ற கேள்விக்கு, சாப்பிடாதவர் “நோ, ஐ ஹேவண்ட்” என்றே சொல்ல வேண்டும். “யெஸ்” என்று மட்டும் சொன்னால் சாப்பிட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எதிர்மறைக் கேள்வி வந்தால், கேட்டவர் சொன்னது சரியா என்று பார்க்காமல், அந்தக் காரியம் நடந்ததா இல்லையா என்று மட்டும் பாருங்கள். நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ.

புரியாவிட்டால் என்ன செய்வது?

பேச்சில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை என்றதும் தலையாட்டிச் சமாளிக்கிறவர்கள் நிறைய. அது பின்னால் வேலையில் தவறாக வந்து நிற்கும். கைவசம் மூன்று வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள்: “சாரி, கேன் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?”, “கேன் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?”, “டூ யூ மீன் டுமாரோ மார்னிங்?” மூன்றாவது மிகவும் பயன்படும். நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லிச் சரிபார்க்கும்போது, கவனமாகக் கேட்கிறீர்கள் என்பது எதிராளிக்குத் தெரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தினமும் இப்படித் திருப்பிக் கேட்கிறார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உச்சரிப்பில் எதைத் திருத்தலாம்?

லண்டன்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை. தமிழ்ச் சாயல் இருப்பது குறை அல்ல. கேட்பவருக்குப் புரிய வேண்டும், அதுதான் அளவுகோல். அதற்குச் சில திருத்தங்கள் நிறைய உதவும். சொல்லின் கடைசியில் நாம் சேர்க்கும் ‘உ’வை வெட்டுங்கள்: பஸ்ஸு, ஹெல்ப்பு, புக்கு வேண்டாம், பஸ், ஹெல்ப், புக். ‘இஸ்கூல்’ என்று முன்னால் வரும் ‘இ’யையும் விடுங்கள். ‘ஃபேன்’ என்பதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். உதடு இரண்டும் ஒட்டினால் ‘பேன்’ ஆகிவிடும். ‘சிப்’, ‘ஷிப்’ இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். பிறகு அழுத்தம். தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே சீராகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கி ஒலிக்கும். ‘ஹோட்டெல்’ என்பதில் பின்பாதியில் அழுத்தம். கேட்டுக் கேட்டுத்தான் இது படியும்.

தினம் கால் மணி நேரம்

வாரத்துக்கு ஒரு சூழல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வணக்கமும் நலம் விசாரிப்பும். அடுத்து உதவி கேட்பது. மூன்றாவது வாரம் போன். நான்காவது வாரம் தன்னைப் பற்றிப் பேசுவது. ஒவ்வொரு சூழலுக்கும் ஐந்தாறு கேள்வி-பதில் ஜோடி போதும். அவற்றை உங்கள் சொந்த விவரங்களோடு எழுதுங்கள். உங்கள் ஊர், உங்கள் வேலை, உங்கள் பஸ். அடுத்தவர் வாழ்க்கையிலிருந்து எடுத்த வாக்கியம் அவசரத்தில் நினைவுக்கு வராது.

கால் மணி நேரத்தை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் கேட்டு, கூடவே சொல்வது. பேசுகிறவரின் குரலை ஒட்டி, அரை நொடி பின்னால், அதே ஏற்ற இறக்கத்தோடு நீங்களும் சொல்ல வேண்டும். உரைபெயர்ப்பாளர்களின் பயிற்சியில் இந்த முறை உண்டு. 1943-இலிருந்து ஆங்கிலம் கற்றுத்தந்துவரும் பிபிசி வழங்கும் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி இதற்கு ஏற்றது. பிரிட்டிஷ் கவுன்சிலின் கற்றல் தளத்திலும் ஒலிப்பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்கள், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தங்கள் கல்லூரியில் உண்டா என்று விசாரிக்கலாம்.

அடுத்த ஐந்து நிமிடம் துணையோடு. நண்பர், தம்பி, தங்கை, உடன் வேலை பார்ப்பவர் யாராவது ஒருவர் கேள்வி கேட்க, நீங்கள் பதில் சொல்லுங்கள். பிறகு இடம் மாறுங்கள். நேரில் ஆள் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிப் பேசலாம். திருத்தம் சொல்வதைப் பேச்சு முடியும் வரை தள்ளிவையுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் வாய் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

கடைசி ஐந்து நிமிடம் வேகத்துக்கு. நியூசிலாந்து மொழியாய்வாளர் பால் நேஷன் 1989-இல் ஆராய்ந்து எழுதிய ‘நான்கு, மூன்று, இரண்டு’ என்ற முறை இருக்கிறது. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் என்று பேசுவது. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவது போல, பாடம் அதே, வேகம்தான் கூடுகிறது. நம் ஐந்து நிமிடத்துக்குள் அடங்க, தொடக்க நிலையில் இருப்பவர்கள் இரண்டு நிமிடம், ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். துணை இல்லாவிட்டால் போனில் பதிவு செய்யுங்கள். மூன்றாவது பதிவில் திணறல் குறைந்திருப்பதை நீங்களே கேட்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மற்ற ஆறு நாளும் விட்டுவிடுவது பயன் தராது. மறதியை ஆராய்ந்து உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே காட்டியது, படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே நழுவிவிடுகிறது, இடைவெளி விட்டு மறுபடி சொல்லும்போதுதான் நிலைக்கிறது என்பதை. அதனால் சென்ற வாரத்து ஜோடிகளை இந்த வாரமும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசும்போது தயவுசெய்து சிரிக்காதீர்கள். ஒரு சிரிப்பு ஒருவரை வருடக்கணக்கில் வாய்மூட வைத்துவிடும். நீங்களும் உங்களைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆங்கிலம் அறிவின் அளவுகோல் அல்ல. வேலைக்கு உதவும் ஒரு மொழி, பழகினால் வரும். நாளைக் காலை முதலில் எதிர்ப்படுகிறவர் செக்யூரிட்டி அண்ணனோ டீம் லீடரோ, யாராக இருந்தாலும் நீங்களே முந்திக்கொண்டு “குட் மார்னிங், ஹவ் ஆர் யூ?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்பார். உங்கள் பதில் தயாராக இருக்கட்டும்.