ஓர் எழுத்தின் பெறுமதி

கணினி வாங்குவது எங்களைப் போன்ற வீடுகளில் சிறிய விடயமல்ல. நான் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கிறேன். பைதன் மொழியில் செய்நிரல் எழுதிப் பழகவும் தரவுத்தளப் பயிற்சிகளைச் செய்யவும் கைபேசி போதவில்லை. ஆகவே உம்மா நெடுநாளாகக் கட்டிவந்த சீட்டுக் காசு கைக்கு வந்ததும், அதில் எனக்கொரு மேசைக் கணினி வாங்குவதென்று முடிவாயிற்று.

"பார்த்து நல்லதா எடுங்க மகள். திரும்ப ஒருக்கா வாங்க ஏலாது" என்றார் வாப்பா. அந்த வார்த்தை எனக்குப் பாரமாக இருந்தது.

நானா கடையிலிருந்து இரண்டு விலைப்பட்டியல்களைக் கொண்டுவந்தார். தாய்ப்பலகை, ராம், திரை எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். முறைவழியாக்கி மட்டுமே வேறு. ஒன்றில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600. மற்றதில் ரைசன் 5 5600ஜி. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. "ஒரு எழுத்துத்தானே கூட இருக்கு, எது எடுத்தாலும் ஒண்டுதான்" என்றார் நானா. எனக்கோ அந்த எழுத்து எதற்காக இருக்கிறது என்று அறிய வேண்டும் போலிருந்தது.

நாம் பாடத்தில் முறைவழியாக்கி என்று படிப்பதைத்தான் கடைகளில் புரொசஸர் என்கிறார்கள். கணினிக்குக் கொடுக்கப்படும் அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, விளங்கி, நிறைவேற்றுவது அதன் வேலை. உம்மாவுக்கு விளங்கப்படுத்துவதற்காக நான் இதனை ஒரு கலியாண வீட்டுச் சமையலறைக்கு ஒப்பிட்டேன். கோர் என்பது சமையற்காரர். த்ரெட் என்பது அவர் ஒரே நேரத்தில் கவனிக்கும் பானை. கிகாஹேர்ட்ஸ் என்பது அவருடைய கையின் வேகம். ராம் என்பது சாமான் அறை. பதுக்கு நினைவகம் என்பது அடுப்பருகே தட்டில் இருக்கும் கறித்தூள் போத்தல்கள். தட்டு பெரிதாக இருந்தால் சாமான் அறைக்கு நடக்கும் நடை குறையும். வேலை சீக்கிரம் முடியும்.

பிறகு அப்பியாசக் கொப்பியில் ஓர் அட்டவணை கீறி, இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் 6 கோர்கள், 12 த்ரெட்டுகள். இரண்டினதும் உச்ச வேகம் 4.4 கிகாஹேர்ட்ஸ். இரண்டும் ஏஎம்4 என்னும் ஒரே வகைத் தாய்ப்பலகையில் பொருந்துபவை. இரண்டும் டிடிஆர்4 ராமையே பயன்படுத்துகின்றன. இரண்டினதும் வெப்ப வடிவமைப்பு அளவு 65 வாட்.

வேறுபாடுகள் சிலவே. 5600இன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹேர்ட்ஸ், 5600ஜியினது 3.9. ஆனால் 5600இல் மூன்றாம் மட்டப் பதுக்கு நினைவகம் 32 மெகாபைட் இருக்கிறது. 5600ஜியில் 16 மெகாபைட் மட்டுமே. தாய்ப்பலகையில் பொருத்தும் கிராபிக்ஸ் அட்டையுடன் பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையும் 5600இல் நான்காம் தலைமுறை. மற்றதில் மூன்றாம் தலைமுறை. நான்காம் தலைமுறைப் பாதை, மூன்றாவதைப் போல இரு மடங்கு வேகத்தில் தரவுகளைக் கடத்தக்கூடியது. 5600ஜி 2021இலும் 5600 2022இலும் கடைகளுக்கு வந்தவை.

இவற்றைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தட்டு இரு மடங்கு, பாதை இரு மடங்கு, வந்ததும் பிந்தித்தான். 5600இன் கீழ் இரண்டு கோடு கீறி வாப்பாவிடம் கொடுத்தேன். நானாவும் தலையாட்டினார். சனிக்கிழமை போய் வாங்குவதாக இருந்தோம்.

வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள் அந்தக் கொப்பியை என் பாட ஆசிரியையிடம் பெருமையோடு காட்டினேன். அவர் முழுவதும் வாசித்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"எல்லாம் சரி மகள். திரைக்குப் படம் எங்கிருந்து வரும்?"

"தாய்ப்பலகையில எச்.டி.எம்.ஐ. துளை இருக்கே டீச்சர்" என்றேன்.

"அது வாசல். வாசல் இருந்தாப் போதுமா? உள்ளே இருந்து யாராவது வெளியே வர வேணுமே" என்றார்.

அப்போதுதான் என் அட்டவணையில் ஒரு வரி முழுவதுமாக விடுபட்டிருப்பது தெரிந்தது. திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் தாமாக வருவதில்லை. அவற்றை வரைந்து அனுப்ப ஒரு கிராபிக்ஸ் பகுதி வேண்டும். 5600ஜியின் உள்ளேயே ரேடியன் கிராபிக்ஸ் பகுதி ஒன்று இருக்கிறது. 5600இல் அப்படி எதுவும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் அட்டை வாங்கிப் பொருத்த வேண்டும். எங்கள் விலைப்பட்டியலில் அட்டை இருக்கவில்லை. 5600ஐ வாங்கியிருந்தால் மின்விசிறி சுற்றியிருக்கும், விளக்கு எரிந்திருக்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருந்திருக்கும். உம்மாவின் சீட்டுக் காசு முடிந்தபின் அட்டைக்கு யாரிடம் கேட்பது? அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, அட்டவணையை மீண்டும் எழுதினேன். இம்முறை முதல் வரியில் "இந்தக் கணினியில் என்ன செய்யப்போகிறோம்?" என்று எழுதினேன். செய்நிரல் எழுதுதல், தரவுத்தளம், இணையவழி வகுப்பு, தமிழ்த் தட்டச்சு, சஞ்சிகைப் பக்கங்களை வடிவமைத்தல், சிறிதளவு படத் திருத்தம். இவை அனைத்துக்கும் 5600ஜியின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி தாராளமாகப் போதும். நாளை தேவை ஏற்பட்டால் அதனுடனும் தனி அட்டையைப் பொருத்தலாம்.

ஆனால் 5600ஜிக்கும் ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்குச் சொந்த நினைவகம் இல்லை. அது ராமிலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். அதன் வேகமும் ராமின் வேகத்தில் தங்கியிருக்கும். ஆகவே ஆசிரியையின் ஆலோசனைப்படி 16 கிகாபைட் ராமை ஒரே துண்டாக வாங்காமல், 8 கிகாபைட் துண்டுகள் இரண்டாக எடுத்தோம். இரண்டு துண்டுகளைத் தாய்ப்பலகையின் உரிய துளைகளில் பொருத்தும்போது தரவு இரண்டு வழிகளால் செல்லும்.

5600 கூடாத பொருள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏற்கெனவே நல்ல கிராபிக்ஸ் அட்டை வைத்திருப்பவருக்கும், காணொளித் தொகுப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ அட்டையுடன் சேர்த்து வாங்குபவருக்கும் அதுவே பொருத்தமானது. அந்தப் பெரிய பதுக்கு நினைவகத்தின் பயனை அவர்கள்தாம் முழுமையாகப் பெறுவார்கள்.

இன்னொன்றையும் தங்கைமார் கவனிக்க வேண்டும். எழுத்தின் பொருள் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இந்த ரைசன் சோடியில் எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ5 12400, 12400எஃப் என்னும் சோடியில் இது தலைகீழ். எழுத்து இல்லாத 12400இல் கிராபிக்ஸ் உண்டு. எஃப் என்று முடிவதில் இல்லை. ஆகவே எழுத்தை மனனம் செய்வதால் பயனில்லை. உற்பத்தி நிறுவனம் வெளியிடும் விவரப் பட்டியலில் கிராபிக்ஸ் என்னும் வரியைத் தேடி வாசிக்க வேண்டும்.

பெற்றோர்களே, நீங்கள் கடைக்குப் போகும்போது இந்த நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்:

1. பிள்ளை இதில் என்ன வேலை செய்யப்போகிறார்?
2. திரைக்குப் படம் முறைவழியாக்கியிலிருந்து வருகிறதா, தனி அட்டையிலிருந்து வருகிறதா?
3. தனி அட்டை வேண்டுமானால் அதன் விலையும் சேர்ந்தா இந்த மொத்தம்?
4. ராம் ஒரு துண்டா, இரண்டு துண்டா?

இவற்றுக்குப் பதில் கிடைத்த பின்னர் மெகாபைட்டையும் கிகாஹேர்ட்ஸையும் பாருங்கள். நான் அவற்றை முதலில் பார்த்ததால்தான் ஏமாறப்போனேன்.

சனிக்கிழமை மாலை நானா கணினியைப் பொருத்தி ஆளியைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. உம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "படம் வந்திச்சா?" என்று கேட்டார். வந்தது என்று சொன்னேன். அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது எனக்குத் தெரியும்.