‘ரைட் ஓஃப்’ என்றால் கடன் மன்னிப்பா?

பசறை வீதியில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வங்கிக் கடிதமொன்றைக் கொண்டுவந்து, “நானா, அல்ஹம்துலில்லாஹ், லோன் முடிஞ்சிட்டு. ‘ரிட்டன் ஓஃப்’ எண்டு எழுதியிருக்கு” என்றார். வாசித்துப் பார்த்தேன். லோன் முடியவில்லை.

‘ரைட்’ என்றால் எழுதுதல். அதனுடன் ‘ஓஃப்’ சேர்ந்தால், இனி வராது என்று கருதும் பணத்தை ஏட்டிலிருந்து நீக்கி நட்டமாகப் பதிவது. வங்கி இதைத் தனது கணக்குக்காகச் செய்கிறது. கடன்பட்டவரின் பொறுப்பு அப்படியே இருக்கும். வழக்கும் போடலாம், பிணை நின்றவரையும் கேட்கலாம். 1989 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகத்தின், அதாவது நாம் ‘கிரிப்’ என்று சொல்லும் அந்த அறிக்கையிலும் ஏறும். அடுத்த லோனுக்குப் போகும்போதுதான் தலையிடி தொடங்கும்.

விட்டுக்கொடுப்பதற்கு ‘வெய்வ்’ என்று வேறு சொல் உண்டு. சந்தேகமிருந்தால், மீதி எதுவுமில்லை என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குழப்பத்துக்குப் பத்திரிகைகளும் ஒரு காரணம். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கம் இரத்துச் செய்வதாக அறிவித்தபோது, அதற்கும் ‘ரைட் ஓஃப்’ என்றே எழுதினார்கள்.

திருத்திப் பயனில்லாத வாகனத்தை இன்ஷூரன்ஸ்காரர் ‘ரைட் ஓஃப்’ என்பார். ஒருவனை உதவாதவன் என்று கைவிடுவதும் இதுதான். ‘அதை’ என்று சொல்லும்போது ‘ரைட் இட் ஓஃப்’ என நடுவில் வர வேண்டும். ‘ரைட் ஓஃப் இட்’ பிழை.

இனி நமது தோட்டத்துக் கடன் கொப்பிக்கு வருவோம். கடனை எழுதி வைக்கச் சொல்வது அல்பகராவின் 282 ஆம் வசனம். கஷ்டப்படுபவருக்குத் தவணை கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்பது அதற்குச் சற்று முன்னுள்ள 280 ஆம் வசனம். ஏட்டில் கழிப்பது வேறு, மன்னிப்பது வேறு. மன்னித்தால் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்லவில்லை. நமுனுகுலப் பக்கத்து அம்மா ஒருவரின் பக்கத்தை ஒருமுறை கோடு போட்டு அடித்துவிட்டேன். மூன்று வருடம் அவர் கடைப் பக்கமே வரவில்லை. பிறகொரு நாள் முந்தானையில் முடிந்த காசோடு வந்து, “கணக்கப் பாருங்க மொதலாளி” என்றார். கொப்பியை எடுத்து அந்தக் கோட்டைக் காட்டினேன்.

“இத அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார்.