பளபள வீட்டில் ஒட்டாத மனசு

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. எல்லாம் பளிச்சென்று இருந்தும் ஷோரூமில் உட்கார்ந்திருப்பது போலவே தோன்றுகிறதே, ஏன்?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: புழங்க வேண்டியதையெல்லாம் ஒளித்து வைத்திருப்பீர்கள், அம்மா! முதலில் சோபாவின் பிளாஸ்டிக் உறையை உருவுங்கள். பரணில் சுருட்டிக் கிடக்கும் பவானி ஜமுக்காளத்தை ஹாலில் விரியுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு பரணில் தூங்கலாமா? முரட்டுப் பருத்தி நூலில் நெய்தது. பிள்ளைகள் புரண்டாலும் தாங்கும். வெறும் டைல்ஸில் பேச்சு எதிரொலிப்பதும் அடங்கும். பாதி ஷோரூம் களை அங்கேயே போய்விடும். பால் கணக்கு எழுதிய காலண்டர் சமையலறைச் சுவரில் தொங்கட்டும். வாசலில் கயிற்றுக் கட்டில் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா தானாக வந்து உட்காருவார். விருந்தாளி வருகிறார் என்று மறுபடி எல்லாவற்றையும் பரணில் ஏற்றாமல் இருந்தால் சரி!