துண்டு போட்டு இடம் பிடிக்காதே

வங்கித் தேர்வுக்கு இப்போதுதான் புத்தகத்தைத் திறந்திருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும்,

கணக்குக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட ‘சீட்டிங் அரேஞ்ச்மென்ட்’ என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். எட்டுப் பேரை மேசையைச் சுற்றி உட்கார வைப்பதற்கு அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியை ஒழுங்காக நடத்தத் தெரிந்த சித்தப்பாவின் நிதானம் போதும். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தவை இவை.

1. முதலில் முழுதும் படி, பிறகு பென்சிலை எடு. குறிப்புகள் எந்த வரிசையில் அச்சாகியிருக்கின்றனவோ அதே வரிசையில் போட வேண்டும் என்று சட்டமில்லை. ‘ஓரத்தில் இருக்கிறார்’, ‘நேர் எதிரே இருக்கிறார்’ என்று ஆளை ஓரிடத்தில் கட்டிப்போடும் குறிப்பைத் தேடி அதிலிருந்து தொடங்கு. பிறகு, ஏற்கெனவே உட்கார்ந்தவரின் பெயர் வரும் குறிப்புக்குப் போ. யாரையும் தொடாமல் தனியே நிற்கும் குறிப்பு காத்திருக்கட்டும்.

2. முகம் எந்தப் பக்கம் என்று பார். வட்ட மேசையில் மையத்தைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் கடிகாரம் சுற்றும் திசை. வலப்பக்கம் அதற்கு எதிர்த்திசை. வெளியே பார்த்து உட்கார்ந்தால் இரண்டும் தலைகீழ். நேர்வரிசையில் வடக்கே பார்ப்பவரின் இடது, தாளிலும் இடது. தெற்கே பார்ப்பவரின் இடது, தாளின் வலது. இதை மனப்பாடம் செய்யாதே. வீட்டில் நாலு நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து இடது கையைத் தூக்கிப் பார். உடம்புக்குத் தெரிந்துவிட்டால் தேர்வறையில் மறக்காது.

3. ‘கு’வைத் தேடு. 2021இல் எடுத்த முடிவுப்படி பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழில் படிப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. ‘அருளுக்கு இடப்புறம் இரண்டாவதாக பானு’ என்றால், ‘கு’ யாரிடம் ஒட்டியிருக்கிறதோ அவருடைய நாற்காலியில்தான் நீ உட்கார்ந்து எண்ண வேண்டும். ‘பானு அருளுக்கு இடப்புறம்’ என்று வாக்கியத்தைப் புரட்டிப் போட்டாலும் ‘கு’ அருளை விட்டுப் போகாது. ஆளை மாற்றி எண்ணுவதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம். நாலாம் வேற்றுமையைப் பள்ளிக்கூடத்தில் சும்மா சொல்லிக்கொடுக்கவில்லை.

4. ‘மூன்றாவதாக’ வேறு, ‘இடையில் மூவர்’ வேறு. ஒருவருக்கு இடப்புறம் மூன்றாவது ஆள் என்றால் நடுவில் இருப்பது இருவர்தான். நடுவில் மூவர் என்றால் அவர் நாலாவது ஆள். எண்ணும்போது ‘கு’ உள்ளவரைச் சேர்க்காமல் அவருக்கு அடுத்தவரிலிருந்து ஒன்று என்று தொடங்கு.

5. முதல் ஆளை எங்கே வைப்பது? பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல முதல் ஆளுக்கு எங்கு வேண்டுமானாலும் இடம் பிடிக்கலாம் என்பது வட்ட மேசைக்கு மட்டும்தான் பொருந்தும். அங்கே எல்லா நாற்காலியும் ஒன்றுபோல. எட்டுப் பேர் நேர்வரிசையில் உட்கார 40,320 வழி; வட்டத்தில் 5,040 வழிதான். சதுர மேசையில் மூலையில் நாலு பேர், பக்கங்களின் நடுவில் நாலு பேர் என்றால் 10,080. அங்கே முதல் ஆள் மூலையா, நடுவா என்று குறிப்பு சொல்லாமல் நீயாக முடிவெடுக்காதே.

6. சந்தேகம் வந்தால் இரண்டு படம் போடு. ஒன்று செய்து பார்ப்போம். அருள், பானு, சேகர், தேவி, எழில், கதிர் ஆறு பேரும் மையத்தைப் பார்த்து வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அருளுக்கு இடப்புறம் இரண்டாவதாக பானு. பானுவுக்கு நேர் எதிரே சேகர். தேவி அருளுக்குப் பக்கத்தில் இல்லை. தேவிக்கு வலப்புறம் ஒட்டி எழில்.

நாற்காலிகளுக்குக் கடிகாரத் திசையில் எண் கொடு. அருள் 1, பானு 3, சேகர் 6. மிச்சம் 2, 4, 5. தேவி 2இல் இருக்க முடியாது. 4 அல்லது 5. இங்கேதான் அவசரக்காரன் ஏதாவது ஒன்றில் தேவியின் துண்டைப் போட்டுவிடுவான். நீ இரண்டு வட்டம் வரை. தேவி 4 என்றால் எழிலுக்கு 3 வேண்டும். அங்கே பானு இருக்கிறாள். அந்த வட்டத்தை அடித்துவிடு. ஆகவே தேவி 5, எழில் 4. குறிப்பில் பெயரே வராத கதிருக்கு மிஞ்சிய 2. அப்படிப்பட்ட ஆளைப் பற்றிக் கவலைப்படாதே, கடைசியில் தானே உட்காருவான்.

7. ‘இல்லை’ என்ற குறிப்பை ஏளனமாக நினைக்காதே. மேலே சொன்ன ஆறு பேருக்கும் தொடக்கத்தில் 120 வழி. பானுவின் குறிப்பு அதை 24 ஆக்கியது. சேகரின் குறிப்பு 6 ஆக்கியது. ‘பக்கத்தில் இல்லை’ என்றது 4 மட்டும்தான் ஆக்கியது. எழிலின் குறிப்பு 1. ‘இல்லை’ குறிப்புக்குத் தொடக்கத்தில் வலு குறைவு. இரண்டு மூன்று படம் போட்டு நிற்கும்போது எதை அடிப்பது என்று சொல்ல அதுதான் வரும். அதனால் அதைத் தாளின் ஓரத்தில் எழுதிவை, மறந்துவிடாதே.

8. எழுந்து வரவும் தெரிந்துகொள். கிளார்க் பிரிலிம்ஸில் ரீசனிங் 35 கேள்வி, 20 நிமிடம்; கேள்விக்கு ஏறக்குறைய 34 நொடி. ஒரு படத்தை வைத்து ஐந்து கேள்வி வந்தால் மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியும் பாதிப் பேர்கூட உட்காரவில்லை என்றால் அடுத்ததற்குப் போ. தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். ஒரு படம் தப்பினால் ஐந்தும் தப்பும். ஐந்து மார்க் கிடைக்காமல் போவதோடு கையிலிருந்து ஒன்றேகால் கழியும்.

9. முடித்ததும் ஒருமுறை படத்திலிருந்து குறிப்புக்குப் போ. எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு குறிப்பையும் படத்தில் வைத்துப் பார்க்கப் பத்து நொடிதான் ஆகும். அதற்குப் பிறகு கேள்விகளைத் தொடு.

10. நீயே ஒரு புதிர் செய். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்காருங்கள். யார் எங்கே என்று குறிப்புகள் எழுது. பிறகு ஒவ்வொரு குறிப்பாக எடுத்துவிட்டுப் பார். எதை எடுத்த பிறகும் விடை மாறவில்லையோ அது வெறும் அலங்காரம். எதை எடுத்ததும் அம்மாவுக்கு இரண்டு இடம் வந்துவிடுகிறதோ, அதுதான் புதிரைத் தாங்கும் தூண். தேர்வில் அந்தத் தூணைத்தான் முதலில் தேட வேண்டும். பத்துப் புதிர் செய்தவனுக்கு அது கண்ணில் படாமல் போகாது.