கைப்பேசியில் நம் குரல் கேட்கிறதா?

கல்முனை, மருதமுனைப் பக்கம் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் போன் எடுக்கிறார்கள். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. மற்றவர்கள் பேசினால் நமக்கு நன்றாகக் கேட்கிறதா? அப்படியென்றால் பிள்ளையின் போனில் மைக்கைப் பார்க்க வேண்டும். கடற்கரையில் மணலும் உப்புக் காற்றும் மைக்கைக் கெடுக்கும். இங்கே மலையில் மழையும், ஸ்டோரில் தேயிலைத் தூசும் அதே வேலையைச் செய்யும்.

சோதிக்கும் முறை:

1. சார்ஜ் வயர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசித்துளை போல இருப்பதுதான் மைக். போன் உறை அதை மூடியிருந்தால் கழற்றுங்கள்.

2. ரெக்கோடரில் பேசிப் போட்டுக் கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் மைக் நல்லது. குறை சிக்னலில் இருக்கலாம்.

3. வட்ஸ்அப்பில் மட்டும் குரல் போகாவிட்டால், செட்டிங்கில் அதற்கு மைக் அனுமதி கொடுங்கள்.

4. ஸ்பீக்கர் போட்டால் மட்டும் குரல் போகிறதா? பல போன்களில் அப்போது மேல் மைக் வேலை செய்யும். பழுது கீழ் மைக்கில்தான்.

காய்ந்த மென்மையான பிரஷால் துடைத்தால் போதும். ஊசி, ஊக்கு விடவே கூடாது, உள்ளே கிழிந்துவிடும். நனைந்திருந்தால் போனை அணைத்து, காற்றில் காயவிடுங்கள். அடுப்பருகே வைக்காதீர்கள். அப்படியும் சரிவராவிட்டால் கடையில் விலை கேட்டபிறகே திறக்கக் கொடுங்கள். பல போன்களில் சார்ஜிங் போர்டை மாற்றினால் மைக்கும் புதிதாகிவிடும்.

இது வெறும் பேச்சுக்காக மட்டுமல்ல. 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய இலவச அம்புலன்சை நடுராத்திரியில் அழைக்கும்போது, நம் டிவிசனும் லயமும் அவர்களுக்குக் கேட்க வேண்டும். மாதம் ஒரு தடவை சோதித்துப் பார்ப்போம்.