நகரும் கணு: பேஸ் கிட்டாரில் செயற்கை ஹார்மோனிக்ஸ், முதல் நாளிலிருந்து

வெதர் ரிப்போர்ட் குழுவின் 'பேர்ட்லேண்ட்' 1977-ல் 'ஹெவி வெதர்' இசைத்தட்டில் வந்தது. அதன் தொடக்கத்தில், சிந்தசைசரின் அடிநாதத்துக்கு மேலே ஒரு மெல்லிய, மணி போன்ற ராகம் எழும். முதன்முறை கேட்கிறவர்கள் அதை கிட்டார் என்றுதான் நினைப்பார்கள். அது ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ். வலது கைக் கட்டைவிரல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்க, இன்னொரு விரல் சுண்டிய ஒலி. அதைக் கற்க மின்னல் வேக விரல்கள் தேவையில்லை. இரண்டு கைகளும் ஒரே கணக்கைப் போட்டால் போதும்.

கருவியைத் தயார் செய்யுங்கள்

பழைய, மங்கிப்போன கம்பியில் இதைப் பழகாதீர்கள். கை சரியாக இருந்தாலும் ஒலி வராது, குற்றம் உங்கள் மேல் விழும். வழவழப்பான ஃப்ளாட்வவுண்டைவிட ரவுண்ட்வவுண்ட் கம்பி நல்லது. டோன் நாபை முழுக்கத் திறந்து, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைக் கூட்டி வையுங்கள். ஆம்ப்பில் பேஸைச் சற்றுக் குறைக்கலாம்.

முதலில் இயற்கை ஹார்மோனிக்ஸைக் கேளுங்கள்

ஜி கம்பியை எங்கும் அழுத்தாமல், 12-ஆம் ஃபிரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே இடது விரலால் லேசாகத் தொட்டுச் சுண்டுங்கள். இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவில் அல்ல, கோட்டுக்கு மேலேயே. சுண்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். வெற்றுக் கம்பி ச என்றால் இது மேல் ச. 7-ஆம் ஃபிரெட்டில் தொட்டால் அந்த மேல் ஸ்தாயியின் ப. 5-ஆம் ஃபிரெட்டில் இரண்டு ஸ்தாயி தாண்டிய ச.

பள்ளி ஆய்வகத்தில் சுரமானிக் கம்பியோடு மல்லாடியவர்களுக்குக் காரணம் நினைவிருக்கும். கம்பியின் சரிபாதியில் விரல் பட்டதும் அந்த இடம் அசையாத கணுவாகிவிடுகிறது. கம்பி இரண்டு துண்டுகளாக அதிர்கிறது, அதிர்வெண் இரட்டிப்பாகிறது. மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் மும்மடங்கு, நான்கில் ஒரு பங்கில் நான்கு மடங்கு.

கணு நகரும் கணக்கு

இயற்கை ஹார்மோனிக்ஸில் ஒரு குறை உண்டு. வெற்றுக் கம்பி தருகிற சில சுரங்களோடு அது நின்றுவிடும். எல்லாச் சுரமும் வேண்டுமென்றால் இடது கை ஒரு ஃபிரெட்டை அழுத்திக் கம்பியைக் குறுக்க வேண்டும். அப்போது பாதியும் இடம் மாறுகிறது. அழுத்திய இடத்திலிருந்து 12 ஃபிரெட் தள்ளி அது இருக்கும்: 5-ஐ அழுத்தினால் 17, 7-ஐ அழுத்தினால் 19. இடது கை வேலையாக இருப்பதால் அங்கே தொடுவதும் வலது கையின் பொறுப்பு. செயற்கை என்ற பெயருக்குக் காரணம் இவ்வளவுதான்.

20 ஃபிரெட் கொண்ட பேஸில் 8-க்கு மேல் அழுத்தினால், தொட வேண்டிய இடத்தில் ஃபிரெட்டே இருக்காது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு எளிய கணக்கு கைகொடுக்கும்: இடது கை நகரும் தூரத்தில் பாதியைத்தான் வலது கை நகர்கிறது. 34 அங்குலக் கம்பியில் 5-ஆம் ஃபிரெட்டிலிருந்து 12-க்குப் போக இடது கை சுமார் 21.5 செ.மீ. ஏறும், கட்டைவிரல் 10.8 செ.மீ. போனால் போதும். கண்ணால் தேடுவதைவிட இந்த அளவைக் கை உணர்ந்துகொள்வது நம்பகமானது.

வலது கையை அமைத்தல்

கட்டைவிரலைக் கழுத்துப் பக்கம் நீட்டுங்கள். அதன் பக்கவாட்டுச் சதை கம்பியைத் தொடட்டும். நகமோ முழு நுனியோ வேண்டாம். கம்பி கீழே அமுங்கினால் அழுத்தம் அதிகம் என்று பொருள். ஆள்காட்டி விரலை, அல்லது நடுவிரலை, பிரிட்ஜ் பக்கம் எட்டும் மட்டும் விரித்துச் சுண்டுங்கள். இரண்டு விரல்களும் ஒட்டியிருந்தால் ஒலி சூம்பிப்போகும். கம்பி அதிகம் ஊசலாடும் இடம் கட்டைவிரலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இருப்பதுதான் காரணம்.

இதனால்தான் முதல் ஃபிரெட்டிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன். அங்கே அந்த நடுவிடம் கட்டைவிரலிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும், எவர் கையும் திணறும். ஜி கம்பியில் 7-ஆம் ஃபிரெட்டில் அது சுமார் 14 செ.மீ.தான்.

சுண்டியவுடன் கட்டைவிரலை எடுப்பதுதான் கடைசிப் பாதி வேலை. நான் வாரக்கணக்கில் தொடுவதை மட்டுமே பழகினேன். வந்ததெல்லாம் டொக், டொக் என்ற சத்தம். பக்கத்து அறையிலிருந்து "கதவைத் தட்டுறது யாரு?" என்று கேட்டார்கள். விரலை எடுக்கப் பழகிய பிறகுதான் கேள்வி நின்றது.

பத்து நிமிடப் பயிற்சி

இடது விரலை ஜி கம்பியின் 7-இல் வைத்தபடி, 19-இன் மேல் இருபது முறை தெளிவாக ஒலிக்கும்வரை நகராதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முன் சாதாரணமாக ஒருமுறை வாசித்து, அதன் மேல் ஸ்தாயியைக் காதில் எதிர்பாருங்கள். பிறகு 5, 7, 9, 10, 12 என்று ஏறுங்கள்: சங்கராபரணத்தின் ச ரி க ம ப. கட்டைவிரல் 17, 19, 21, 22, 24 என்று பின்தொடரும். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். அதைத் தனியாகப் பழகுங்கள்.

ஒலி வராதபோது

அடிச்சுரமும் சேர்ந்து கேட்டால் கட்டைவிரல் போதுமான அளவு தொடவில்லை. எதுவுமே ஒலிக்காவிட்டால் கணுவைத் தவறவிட்டிருக்கிறீர்கள், அரை செ.மீ. இப்படி அப்படி நகர்த்திப் பாருங்கள். இடது விரல் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும், ஆனால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. பக்கத்துக் கம்பிகள் முனகினால் இடது கையின் ஓய்வான விரல்களை அவற்றின் மேல் சாய்த்து வையுங்கள்.

அடுத்த படி

12-க்குப் பதில் 7 ஃபிரெட் தள்ளித் தொட்டால் மேல் ஸ்தாயியின் ப, 5 தள்ளித் தொட்டால் இரண்டு ஸ்தாயி மேலே அதே சுரம். ஜாக்கோவின் 1976 இசைத்தட்டில் உள்ள 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' பெரும்பாலும் இயற்கை ஹார்மோனிக்ஸால் ஆனது. ஆனால் அதில் ஓரிடத்தில் இடது ஆள்காட்டி விரல் அழுத்த, அதே கையின் சுண்டுவிரல் எட்டிப்போய்த் தொடும். அந்த நீட்டலை முதல் மாதத்தில் முயலாதீர்கள். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.